ஒரே ஃபோனா, தனி லைனா? அமெரிக்க வரிக் கணக்கில் செல்ஃபோன் செலவு

ஏப்ரல் 15 நெருங்கினால் போதும், இங்கிருக்கும் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சைடில் சின்னதா ஒரு பிசினஸ் பண்றேன். ஃபோன் பில்லை வரியில் காட்டலாமா?" பதில்களும் ஆண்டுதோறும் அதேதான். "முழுசா போடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்பார் ஒருவர். "அதைத் தொட்டா ஆடிட் வரும்" என்று பயமுறுத்துவார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சொந்த ஃபோனைத் தொழிலுக்கும் பயன்படுத்தினால், தொழிலுக்குப் போன பங்கைச் செலவாகக் கழிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரே ஃபோனில் சதவீதம் பிரிப்பதா, தொழிலுக்கென்று தனி லைன் எடுப்பதா, அதே ஃபோனில் இரண்டாவது நம்பர் மட்டும் வைத்துக்கொள்வதா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், இந்தக் கேள்வியே எழாத ஆட்களை ஒதுக்கிவிடுவோம். மாதச் சம்பளம் வாங்கி, கம்பெனி தரும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் பெறுபவர் தன் ஃபோன் பில்லில் ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது. 2017 வரை ஒரு சின்ன வழி இருந்தது: செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவர்கள், வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போன அலுவல் செலவைக் கழிக்கலாம். 2018 முதல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகவே சாத்திவிட்டது. ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தது என்று சொந்த ஃபோனில் எழுப்பிவிடப்படும் இன்ஜினீயருக்கு வரிப் படிவத்தில் நிவாரணம் கிடையாது. அவர் கேட்க வேண்டிய இடம் கம்பெனிதான். கலிஃபோர்னியாவில் இது சட்டப்படியான உரிமை. அங்கே தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு, வேலைக்காகத் தொழிலாளி செய்யும் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்கிறது. 2014-இல் ஷ்வான்ஸ் என்ற உணவு விநியோக நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்லிமிடெட் பிளான் வைத்திருப்பதால் வேலைக் கால்களுக்குக் கூடுதலாக ஒரு காசு ஆகாவிட்டாலும், பில்லில் நியாயமான ஒரு பங்கை முதலாளி தர வேண்டும் என்றது. இலினாயிலும் 2019 முதல் இதே மாதிரி சட்டம் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் இல்லை.

கம்பெனி திருப்பித் தந்தால் அதற்கு வருமான வரி கட்ட வேண்டுமே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. உண்மையான அலுவல் தேவைக்காகத் தருகிற நியாயமான தொகையைச் சம்பளமாக எண்ண வேண்டாம் என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் 2011-லேயே சொல்லிவிட்டது. மாதம் 50 டாலர் தந்தால் 50 டாலரும் கையில் நிற்கும். வரிக் கழிவில் அப்படி நிற்காது; அந்தக் கணக்கு கீழே வருகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், நம் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது. எச்-1பி விசாவில் இருப்பவர், விசா எடுத்துக் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். ஃபோன் பில்லைக் கழிக்கிறேன் என்று சுயதொழில் படிவமான ஷெட்யூல் சி-யைத் தாக்கல் செய்தால், அனுமதியில்லாமல் தொழில் செய்ததைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சில நூறு டாலருக்காகக் கிரீன் கார்டு வரிசையில் பிரச்சினையை இழுத்துக்கொள்ள வேண்டாம். எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வாங்கியவர்கள் தொழில் நடத்தலாம். அவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சரி, ஷெட்யூல் சி போடுபவர்களுக்கு வருவோம். எங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் நிலைமையில் இருப்பவரையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு பேருக்கு ஒரே குடும்ப பிளான். மாத பில் 248 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெற்றோர் கூப்பிடுவதும், வகுப்பு மாறுகிறது என்று செய்தி அனுப்புவதும், பாடின பதிவுகளை அனுப்புவதும் எல்லாம் அவருடைய ஒரே ஃபோனில். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 40 சதவீதம் தொழிலுக்குப் போகிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 248-க்கு 40 சதவீதம் போட்டு, அதை 12-ஆல் பெருக்கி, 1,190 டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். பில்லைப் பிரித்துப் பாருங்கள். பிளானுக்கு 180, அதாவது ஒரு லைனுக்கு 45. வரியும் கட்டணங்களும் 20, லைனுக்கு 5. மிச்சம் 48 டாலர், பிள்ளைகள் இருவரின் புது ஃபோன்களுக்கான தவணை. அக்காவின் பங்கு மாதம் 50 டாலர்தான். ஆண்டுக்கு 600. அதில் 40 சதவீதம் என்றால் 240 டாலர். பில்லோடு ஒட்டிவரும் சினிமா, சீரியல் சந்தா, இந்தியாவில் அம்மாவோடு பேசுவதற்காகப் போட்டிருக்கும் அயல்நாட்டு பேக் இதையெல்லாம் சேர்க்கக் கூடாது. சென்னையில் மிருதங்கக்காரரோடு பேசத்தான் அந்த பேக் என்றால் அது வேறு கதை. அதைத் தனியாக முழுதாகவே காட்டலாம்.

இந்த 240 டாலரைக் கழித்தால் கையில் என்ன நிற்கும்? குடும்பம் 22 சதவீத வரிப் படியில் இருக்கிறது என்றால், சுயதொழில் வரியில் சுமார் 34 டாலர் குறையும். வருமான வரியில் சுமார் 39. மொத்தம் 73. 22-ஐயும் சுயதொழில் வரி விகிதமான 15.3-ஐயும் கூட்டி 37 சதவீதம் மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு, அவ்வளவு வராது. சுயதொழில் வரி லாபத்தின் 92.35 சதவீதத்துக்கு மேல்தான் போடப்படுகிறது. அதில் பாதியை வருமானத்திலிருந்து ஏற்கெனவே கழிக்கிறோம். சிறுதொழில் லாபத்துக்கு 20 சதவீதச் சலுகை வேறு தனியாகக் கிடைக்கிறது. செலவு கூடினால் லாபம் குறைந்து அந்தச் சலுகையும் கொஞ்சம் சுருங்கும். கடைசியில் கழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் கிட்டத்தட்ட 30 சென்ட். மாநில வரியில் கிடைப்பது தனி. அதே ஆள் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, 2025-இல் சம்பளம் மட்டுமே 176,100 டாலரைத் தாண்டியிருந்தால், சுயதொழில் வரியில் பெரும்பகுதியான சோஷியல் செக்யூரிட்டி பங்கு அங்கேயே முழுதாகக் கட்டி முடிந்திருக்கும். 30 சென்ட்டும் 20-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்த வரம்பு தலைக்குத் தலை தனி. கணவர் சம்பளம் எவ்வளவு என்பதைப் பார்த்து மனைவியின் தொழிலுக்கு இதைக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது தனி லைன் எடுக்கும் வழி. பிரீபெய்டு லைன் மாதம் 20 டாலருக்கு எடுத்துத் தொழிலுக்கு மட்டும் பயன்படுத்தினால் 100 சதவீதம் கழிக்கலாம். கணக்குப் பார்க்கும் தலைவலி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆண்டுக்கு 240 டாலர், முழுதாகக் கழிவு. வரியில் மிச்சம் அதே 73. பழைய லைனில் 40 சதவீதம் பிரித்தபோதும் கழிவு இதே 240-தான். ஆனால் அது எப்படியும் கட்டிக்கொண்டிருந்த பில். தனி லைனுக்கு மேற்கொண்டு 240 டாலர் கையை விட்டுப் போகிறது. தொழில் கால்கள் புது லைனுக்குப் போனபின் பழைய லைனில் 40 சதவீதம் கேட்கவும் முடியாது. ஆக அதே கழிவுக்கு, அதே 73 டாலருக்கு, 240 டாலர் கூடுதல் செலவு. "வரிக்காகத் தனி லைன் எடு" என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தனி லைனுக்கு நியாயமான காரணங்கள் வேறு இருக்கின்றன. சமையல் ஆர்டர் எடுப்பவர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட், வண்டி ரிப்பேர் செய்பவர் போன்றோரின் நம்பர் கோயில் விழா மலரிலும் கடை வாசல் நோட்டீஸிலும் அச்சாகி ஊர் முழுக்கச் சுற்றும். அந்த நம்பர் சொந்த நம்பராக இருந்தால் நிம்மதி போய்விடும். தொழிலில் இன்னொருவர் சேர்ந்து ஃபோனை எடுக்க வேண்டியிருக்கலாம். ராத்திரி 9 மணிக்குமேல் தொழில் ஃபோனை அணைத்து வைக்கலாம். நாளைக்குத் தொழிலை விற்றால் நம்பரும் கூடவே போகும். இதற்கெல்லாம் 240 டாலர் தாராளமாகக் கொடுக்கலாம். வரிச் சலுகையை அப்போது கொசுறாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தனி லைன் எடுத்தபின் அதைத் தனியாகவே வைத்திருக்கவும் வேண்டும். காரில் குழந்தை யூடியூப் பார்க்கும் ஃபோன் அதுவாக இருந்தால் 100 சதவீதம் என்ற பேச்சு நிற்காது. அதேபோல, வைத்திருப்பதே ஒரே ஒரு ஃபோன், அதை 100 சதவீதம் தொழிலுக்கு என்று எழுதியிருந்தால், எந்த அதிகாரியும் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ வீட்டுக்காரரோடு எதில் பேசுவீர்கள்?"

மூன்றாவது வழி, என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது: அதே ஃபோன், இரண்டாவது நம்பர். கூகுள் வாய்ஸ் தனிநபருக்கு இலவசமாகவே ஓர் அமெரிக்க நம்பர் தருகிறது. இல்லையென்றால் அதே ஃபோனில் மலிவான ஓர் இசிம். இலவச நம்பருக்குச் செலவு இல்லை, அதனால் அதற்கென்று கழிவும் இல்லை. அதன் பயன் வேறு இடத்தில். தொழில் கால்கள் எல்லாம் தனிப் பட்டியலாக வந்து நிற்கும். 40 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

நம்மவர்கள் தொழிலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரி ஆலோசகர்கள் "பில்லில் கால் நிமிஷங்களை எண்ணிப் பிரியுங்கள்" என்று சொல்வது பழைய காலத்து அறிவுரை. பாட்டு வகுப்புக்கும் இட்லி மாவு ஆர்டருக்கும் யார் இன்று கால் பண்ணுகிறார்கள்? எல்லாம் வாட்ஸாப். அது பில்லில் டேட்டா என்று ஒரே எண்ணாகத்தான் வரும். எது அக்காவின் மாணவி, எது மதுரை சித்தி என்று பில்லுக்குத் தெரியாது. இரண்டாவது நம்பரில் வாட்ஸாப் பிசினஸ் போட்டுக்கொண்டால் சாதாரண வாட்ஸாப்பும் அதுவும் ஒரே ஃபோனில் அருகருகே ஓடும். ஐஃபோனில் ஸ்க்ரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், இரண்டுமே எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும். வாட்ஸாப் பிசினஸ், ஜூம், பணம் வாங்கும் ஆப் இவை ஒரு பக்கம். மீதி எல்லாம் மறு பக்கம். அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் அதை ஓர் ஆண்டுக்குச் சேமித்து வைக்காது. மார்ச் மாதம் உட்கார்ந்து போன ஜூன் மாதக் கணக்கைத் தேடினால் கிடைக்காது.

ஆண்டு முழுக்க இப்படி எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். இந்த விஷயத்தில் சட்டம் முன்பைவிட நிறையவே இளகியிருக்கிறது. 2010-க்கு முன்னால் செல்ஃபோன், காரைப் போலக் கடுமையான ஆவணம் கேட்கும் பொருள்களின் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தேதி, காரணம் என்று எழுதி வைக்காவிட்டால் கழிவு பூஜ்யம். ஒபாமா காலத்தில், 2010-இல் வந்த சிறுதொழில் சட்டம் செல்ஃபோனை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது நியாயமான ஒரு முறையில் பிரித்து, அதை விளக்க முடிந்தால் போதும். இன்ன சூத்திரம்தான் என்று ஐஆர்எஸ் விதிக்கவில்லை. வழக்கமான ஒரு மாதத்தை எடுத்து ஒழுங்காகக் கணக்கிட்டு, அதையே ஆண்டுக்கு வைத்துக்கொள்வது பலரும் பின்பற்றும் வழி. நவராத்திரி மாதத்தைப் பாட்டு டீச்சர் "வழக்கமான மாதம்" என்று எடுக்காமல் இருந்தால் சரி.

ஆவணமே இல்லாமல் மாட்டிக்கொண்டால்? அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. பிராட்வே நாடகக்காரர் ஜார்ஜ் எம். கோஹன் தொழிலுக்காக விருந்துக்கும் பயணத்துக்கும் தாராளமாகச் செலவு செய்தவர், ரசீது வைத்துக்கொள்ளவில்லை. வரித் துறை ஒன்றுமே தர முடியாது என்றது. 1930-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், செலவு நடந்தது உண்மை என்று தெரியும்போது பூஜ்யம் போடுவது சரியில்லை, உத்தேசமாக ஒரு தொகையாவது அனுமதிக்க வேண்டும் என்றது. ஆனால் கணக்கு வைக்காதது அவர் குற்றம் என்பதால், உத்தேசத்தைக் கையை இறுக்கியே போடலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. பயணம், விருந்து போன்றவற்றுக்கு அந்தச் சலுகையைப் பிற்பாடு சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். செல்ஃபோன் கடுமையான பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டதால் அதற்கு இன்றும் கோஹன் வழக்கைச் சுட்ட முடியும். அதை நம்பித் தொழில் நடத்தாதீர்கள். அந்த வழியில் கிடைப்பது நீங்கள் கேட்டதில் ஒரு துண்டுதான்.

எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்பார்கள். ஷெட்யூல் சி-யில் ஃபோனுக்கென்று தனிக் கட்டம் இல்லை. 25-ஆம் கட்டத்தில் யுடிலிட்டீஸ் என்பதிலோ, கடைசியில் இதர செலவுகள் பகுதியிலோ போடலாம். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாற்றாமல் இருப்பது நல்லது. வீட்டில் ஆஃபீஸ் அறை கழிவு எடுக்க முடியாதவர்களும் ஃபோனைக் கழிக்கலாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் லேண்ட்லைன் மட்டும் விதிவிலக்கு. வீட்டின் முதல் லேண்ட்லைனுக்கான அடிப்படைக் கட்டணத்தை எதற்குப் பயன்படுத்தினாலும் கழிக்க முடியாது.

ஃபோன் கருவி வேறு விஷயம். மாத சேவையையும் 1,000 டாலர் ஐஃபோனையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். கருவி ஒரு சொத்து. அதைத் தவணையில் வாங்கினாலும் மாதாமாதம் தவணையைச் செலவாக எழுதுவது முறையல்ல, தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய ஆண்டில் முழு விலையையும் பார்க்க வேண்டும். 2,500 டாலருக்குள் இருக்கும் பொருள்களை அதே ஆண்டிலேயே செலவாக எழுத ஒரு விதி இருக்கிறது; ஆண்டுதோறும் படிவத்தோடு அதற்கு ஓர் அறிக்கை இணைக்க வேண்டும். ஃபோனுக்கு அதுவே போதும். சொத்தின் விலையை அதே ஆண்டில் கழிக்க விடும் வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு என்று சிலர் சொல்வார்கள். அதற்குத் தொழில் பயன்பாடு 50 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், நம் 40 சதவீத அக்காவுக்கு அது உதவாது. எந்த வழியில் போனாலும் தொழில் பங்குதான் கழிவு. 1,000 டாலர் ஃபோனில் 400.

"ஃப்ரீ ஃபோன்" சமாசாரத்திலும் கவனம் வேண்டும். பழைய ஃபோனைக் கொடுத்தால் 36 மாதம் பில்லில் கழித்துத் தருகிறோம் என்பார்கள். பில்லில் ஒரு கையால் 28 டாலர் போட்டு மறு கையால் 28 டாலர் கழிப்பார்கள். நீங்கள் கொடுக்காத பணத்தைச் செலவாகக் காட்ட முடியாது. அலமாரியில் கிடக்கும் பழைய ஃபோனைத் தொழில் லைனுக்கு எடுத்துக்கொண்டால், அன்றைக்கு வாங்கிய விலை அப்படியே கணக்கில் வராது. அந்த விலை, இன்றைய சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதுதான். நான்கு வருஷ ஃபோனுக்கு அது பெரும்பாலும் ஓர் இரவு வெளிச் சாப்பாட்டுக் காசு.

தொழிலை எல்எல்சி என்ற நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் நடத்தும் சாதாரண எல்எல்சி-க்கு எதுவும் மாறாது. அதே ஷெட்யூல் சி, அதே சதவீதம். வரிக்கு எஸ் கார்ப் என்ற வகை நிறுவனமாக ஆக்கினால்தான் வித்தியாசம். அப்போது நீங்கள் உங்கள் கம்பெனிக்கே சம்பளக்காரர், மேலே சொன்ன டபிள்யூ-2 தடை உங்களுக்கும் பொருந்தும். சொந்தப் பெயரில் இருக்கும் பில்லைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும். அதற்கு ஒரு திட்டம் வேண்டும், எழுத்தில் இருந்தால் நல்லது. செலவு செய்த 60 நாளுக்குள் கணக்குக் கொடுத்து, கூடுதலாக வாங்கியிருந்தால் 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் பிரச்சினை வராது. கம்பெனி பெயரிலேயே லைன் எடுத்து, கம்பெனி அட்டையிலேயே பில் கட்டுவது இதைவிடச் சுலபம். எஸ் கார்ப் வைத்திருப்பவருக்கு மட்டும் தனி லைன் வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பில், ஸ்க்ரீன்ஷாட், சதவீதக் கணக்கு எழுதிய காகிதம் இவற்றைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருங்கள். ஃபோனை விற்கும்போதோ மாற்றும்போதோ ஒரு விஷயம் பலருக்கு விட்டுப்போகிறது. முன்பு 40 சதவீதத்தைச் செலவாக எழுதியிருந்தால், பழைய ஃபோனுக்கு 300 டாலர் கிடைக்கும்போது அதில் 120 டாலர் தொழிலின் வருமானம். அந்த ஆண்டுக் கணக்கில் அதையும் எழுத வேண்டும்.